ரிமோட்டுக்குப் போன பேட்டரி

அலமாரித் தட்டில் ஒரு டார்ச் லைட் வெறும் வயிற்றோடு கிடந்தது. அதன் பேட்டரிகளைப் போன மாசமே வீட்டுக்காரர் பரமானந்தம் உருவி, டிவி ரிமோட்டில் போட்டுவிட்டார்.

"புயல் வருதாம். என் பேட்டரியைக் குடு," என்றது டார்ச்.

"அந்தச் சேதியே என்னாலதான் உனக்குத் தெரிஞ்சுது. பேசாம படு," என்றது சோபாவில் சாய்ந்திருந்த ரிமோட்.

சாயங்காலம் புயல் வந்தது, கரண்ட் போனது. பரமானந்தத்தின் போனிலும் சார்ஜ் இல்லை. தடவித் தடவி டார்ச்சை எடுத்தவர் அமுக்கினார், குலுக்கினார், உள்ளங்கையில் நாலு சாத்து சாத்தினார்.

"பேட்டரி ரிமோட்டுல இருக்கு," என்றாள் மனைவி.

"ரிமோட் எங்கே?"

"இந்த இருட்டுல எப்படித் தேடுறது? டார்ச்சை அடிங்க."

ரிமோட்டைத் தேடிப் போனவர் டீப்பாயில் இடறி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். "அவசரத்துக்கு உதவாத சனியன்," என்று டார்ச்சுக்குத்தான் திட்டு விழுந்தது.

கரண்ட் வந்த பிறகு, மாவுக்கட்டுக் காலோடு நொண்டிக்கொண்டே கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிவந்தார். டார்ச்சுக்கு எச்சில் ஊறியது.

பரமானந்தம் புதுசை ரிமோட்டில் போட்டார். அதிலிருந்து கழற்றிய செத்த பேட்டரிகளை டார்ச்சுக்கு ஊட்டிவிட்டு, அடுத்த புயல் எப்போது என்று பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்தார்.