கண்ணில் ஊசி

“என் கண்ணுல ஊசி குத்த எவனையும் விடமாட்டேன்! தலைகீழா நின்னாலும் நடக்காது!”

கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடையைக் கட்டிவிட்டாள். அவள் புருஷன், தச்சுப் பட்டறை வைத்திருப்பவர், பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தார்.

அவருக்கு மானம் போனது. அதைவிடச் சங்கடம், அவள் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் மூன்று மாதத்துக்கு முன் இதே கூடத்தில் அவர் கத்தியது.

அப்போது அவருடைய இடது கண்ணைக் காட்ட வந்திருந்தார்கள். நேராக நிற்கும் கதவுச் சட்டம் நடுவில் வளைந்து தெரிய, மரத்தைத் திட்டிக்கொண்டே இரண்டு தடவை இழைத்து, நல்ல சட்டத்தைப் பாழாக்கியிருந்தார் மனுஷன். விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, மாதம் ஒரு ஊசி போடவேண்டும், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாராவது கண் என்று வாயைத் திறந்தாலே சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

போன வாரம், தையல் கோடெல்லாம் கோணலாகத் தெரிகிறது என்று அவள் சொன்னாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவள், “எனக்கும் ஊசிதானாம். நான் போகமாட்டேன்” என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தன் கண்ணைப் பற்றிக் கவலைப்படாத மனுஷன் கெஞ்சிக் கூத்தாடி இன்றைக்கு அவளை இங்கே கூட்டிவந்திருந்தார். அவளுக்குப் பார்வை போய்விட்டால்?

நர்ஸ் வந்து பக்கத்தில் நின்றாள். “வலிக்காதும்மா. மரத்துப்போற சொட்டு மருந்து விடுவோம். கண்ணைச் சுத்தம் பண்ணி, இமை மூடாம இருக்க ஒரு சின்னக் கிளிப் வைப்போம். லேசா ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான்.”

“ஊசி நேரா கண்ணுக்கு வர்றதை நான் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கணுமா?”

“வெள்ளை முழியில, ஓரத்துல போடுவாங்க. உன்னை வேற பக்கம் பாக்கச் சொல்லிடுவாங்க, ஊசி வர்றதே உனக்குத் தெரியாது” என்று தச்சர் முந்திக்கொண்டார். காலையிலிருந்து நர்ஸைத் துளைத்தெடுத்துக் கேட்டு வைத்ததெல்லாம் இப்போது கைகொடுத்தது.

“அப்படியா? அதோ, அந்தக் கோடிச் சுவர்ல, அறிவிப்புப் பலகையில கீழே பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு? ‘ஊசிக்குப் பின் வலி கூடினால் உடனே வரவும்’. வலியே இல்லைன்னா இதை எதுக்கு எழுதி வெச்சிருக்காங்க?”

தச்சர் அந்தப் பக்கம் பார்த்தார். அவருக்குச் சுவரில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“அது அபூர்வமா கிருமி புகுந்தா. அதுக்குத்தான் கண்ணைக் கசக்காதே, தண்ணி படவிடாதேன்னு சொல்றாங்க. ஒண்ணு ரெண்டு நாள் உறுத்தும், கறுப்பா ஏதாவது மிதக்கும், தானா போயிடும். வலி கூடினாலோ, கண்ணு சிவந்து பார்வை மங்கினாலோ, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே ஓடி வரணும். நான் தூக்கிட்டு வர்றேன், போதுமா?”

“ஒரு ஊசியோட விடமாட்டாங்களே! மாசாமாசம் இந்த வாசல்ல வந்து நிக்கணுமே!”

“நிப்போம். நல்லாத் தெரியுதேன்னு நாமளா நடுவுல நிறுத்தினா மறுபடியும் நீர் கோத்துக்குமாம். டாக்டர் போதும்னு சொல்றவரைக்கும் வருவோம்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “வாய் கிழியப் பேசுறீங்களே, நீங்க போட்டுக்கிட்டீங்களா? செருப்பைத் தூக்கிக்கிட்டு ஓடுன ஆளுதானே?”

கூடமே கொல்லென்று சிரித்தது. கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தச்சருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

“யாரு ஓடுனா? சிஸ்டர், முதல்ல எனக்குப் போடுங்க! அப்புறம் இவ என்ன சாக்கு சொல்றான்னு நானும் பாக்குறேன்!”

டாக்டர் அவர் கண்ணை மறுபடியும் சோதித்துவிட்டு, “நல்லவேளை, இன்னும் கைமீறிப் போகல” என்றார். நர்ஸ் நீட்டிய சம்மதத் தாளில், அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, தச்சர் கையெழுத்துப் போட்டார். உள்ளே படுத்ததும் வீறாப்பெல்லாம் வடிந்து கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி ஒரு கணம் இருந்தது.

“எப்ப போடுவீங்க?” என்றார்.

“போட்டாச்சு, எந்திரிங்க” என்றார் டாக்டர்.

கண்ணுக்கு மேல் ஒட்டிய மூடியோடு தச்சர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

“பாத்தியா? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல! இப்ப எந்திரி, உன் முறை!”

அவள் எழுந்து வந்து அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“எனக்கெதுக்குங்க ஊசி? என் கண்ணுக்கு ஒண்ணுமே இல்லையே!”