முடியாத வரவேற்புப் பாட்டு

வரவேற்புப் பாட்டு தொடங்கி அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. முடிகிற பாடாக இல்லை.

மணப்பெண்ணின் தாய் இரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் ஆசைப்பட்டாளே என்று அந்த மெஷினுக்குச் சம்மதித்தது தன் பிழைதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மெஷின், பாட்டுப் போட வந்திருந்த கற்பிட்டி இன்னாசிப்பிள்ளையுடையது. இத்தாலியில் இருக்கும் தங்கச்சி அனுப்பியது. முகப்பில் பதினாறு றப்பர் பட்டன்கள். பாட்டைத் துண்டு துண்டாக்கி, தொடக்கம் ஒரு பட்டனில், பல்லவி ஒன்றில், சரணம் ஒன்றில், முடிவு ஒன்றில் என்று வைத்திருப்பார். எதைத் தட்டுகிறாரோ அந்தத் துண்டு பாடும்.

ஏற்பாடு இவ்வளவுதான். முன்னேஸ்வரத்திலிருந்து வரும் மாப்பிள்ளையின் வான், உடப்பு மண்டபத்துக்கு வெளியே தென்னந்தோட்ட மூலையில் நின்று இன்னாசிக்குப் போன் அடிக்கும். அவர் கடைசித் துண்டைத் தட்டுவார். அந்த மேளச் சத்தத்தோடு மாப்பிள்ளை வாசலுக்கு வருவார். ஆரத்திக்கு முன் பெண் வீட்டார் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது இரஞ்சிதத்தின் கண்டிப்பான உத்தரவு.

ஆனால் இந்த மனுசன் பல்லவியைத் தட்டுகிறார், சரணத்தைத் தட்டுகிறார், திரும்பவும் பல்லவிக்கே போகிறார். மண்டபத்திலிருந்த சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டே பாடமாகிவிட்டது.

சனம் சிரிக்கத் தொடங்கியது. இரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் சுகந்தினிக்கு முதலில் பேசிய சம்பந்தம் நிச்சயதார்த்தத்தோடு முறிந்துபோனது. அன்றிலிருந்து ஊர் வாய் அவள் ராசியைத்தான் மென்றுகொண்டிருக்கிறது. இந்தக் கலியாணமாவது ஒரு பேச்சுக்கு இடமில்லாமல் நடந்தேற வேண்டும். முகூர்த்தம் பத்தரை வரைதான். இப்போது மணி பத்து.

பொறுக்க முடியாமல் மேடைக்குப் போனாள்.

"என்ன அண்ணன் இது? கடைசித் துண்டைப் போடுங்களன்."

"அந்தப் பட்டன் இறுகிப் போச்சு, தங்கச்சி. வேலை செய்யுதில்ல. கொஞ்சம் பொறுங்க."

"மாப்பிள்ளை வந்திட்டாரா?"

"ஓம் ஓம், வானுக்குள்ள இருக்கிறார். இப்பதான் கதைச்சன்."

அவர் முகம் வியர்த்துக் கொட்டியது. கொட்டட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. வெய்யிலுக்குள் மாப்பிள்ளையை வேகவைத்துவிட்டு இங்கே பட்டன் இறுகிவிட்டதாம்.

மகள் பெரியபிள்ளையானதற்கு அடுத்த மாதம் வைக்கும் சாமத்தியச் சடங்குக்கு அவரைப் பேசி வைத்திருந்த முத்துலிங்கம், எல்லோருக்கும் கேட்கும்படி, தன் வீட்டுக்கு இந்தப் பழுதான சாமானோடு வரவேண்டாம் என்றார். இன்னாசிப்பிள்ளை சரி என்றார். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சரணத்தைத் தட்டினார்.

மணி பத்து பத்து ஆனபோது அவர் போன் அதிர்ந்தது. காதில் வைத்தார். அடுத்த கணம் கடைசித் துண்டு மண்டபமே அதிர முழங்கியது.

வாசலில் மாப்பிள்ளை கோகுலன். இரஞ்சிதம் அவசரமாக ஆரத்தி எடுத்தாள். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கத் தாலி ஏறியது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

நெஞ்சுப் பாரம் இறங்கியதும் கோபம் ஏறியது. வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த இன்னாசிப்பிள்ளையிடம் போய், மெஷினை ஓட்டப் பழகிவிட்டுத் தொழிலுக்கு வாருங்கள் என்று சூடாகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பந்தியில் கோகுலன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மாமி, பாட்டுப் போட்ட ஐயா எங்க? அவருக்கு ஒரு நன்றி சொல்ல வேணும்."

"அந்த ஆளுக்கா? ஊர் சிரிக்க வைச்சதுக்கா?"

கோகுலன் குரலைத் தாழ்த்தினான். "பாலத்தடி ஆமி செக்பொயின்ட்டில எங்களை மறிச்சுப்போட்டாங்க மாமி. அடையாள அட்டையில பிறந்த இடம் கிளிநொச்சி என்டு கிடக்குதெல்லோ, அந்தப் பக்கத்து ஆள் என்டா அவங்களுக்குச் சந்தேகம்தான். வானோட ஒரு மணித்தியாலம் வைச்சிருந்து விசாரிச்சாங்க. கலியாணச் சந்தடியில வேற ஒருத்தரும் போன் எடுக்கேல்ல, அவர் மட்டும்தான் எடுத்தார். மண்டபத்தில சொல்லிப்போடுங்க ஐயா என்டு நான்தான் கேட்டன். அவர் மாட்டன் என்டிட்டார்."

"ஏனாம்?"

"'உங்களை ஆமி பிடிச்சது தெரிஞ்சா, சனம் திரும்பவும் அந்தப் பிள்ளையிட ராசியைத்தான் கதைக்கும், தம்பி. நீங்க வந்து சேருங்க. அதுவரைக்கும் என்ட மெஷின் பழுதாவே இருக்கட்டும்' என்டார்."