மருந்துக்கடையில் கூட்டம்

"மருந்துக்கடையில ஒரே கூட்டம்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறாள். கட்டிலில் கிடக்கும் கணவன் தலையாட்டுகிறான். மின்கம்பத்தில் வேலை செய்கையில் விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து, எட்டு மாதமாக அவனுக்கு இந்த ஜன்னல்தான் வெளியுலகம். சாயங்கால வெயில் போர்வையில் பாதிவரை ஏறியிருக்கிறது. வாங்கி வந்த அட்டையிலிருந்து அவள் ஒரு மாத்திரையைப் பிரிக்கிறாள். கடையில் ஈ காக்கா இல்லை. கடைக்குப் பின்னாலிருக்கும் மேட்டில், இடுப்பளவுப் புல்லுக்குள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி குடுகுடுவென்று ஓடி இறங்கிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு தடவையோடு விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மறுபடி ஏறி மறுபடி ஓடியதுதான் இப்போது முகத்தைச் சுடுகிறது. தண்ணீர் டம்ளரை நீட்டுகிறாள். அவன் அதை வாங்காமல், கட்டிலை உரசும் அவள் சேலை மடிப்பை இழுத்து, ஒட்டியிருக்கும் புல்விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் சேர்க்கிறான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் மெதுவாக முகர்கிறான். "நாளைக்கும் கூட்டமாத்தான் இருக்கும். அவசரப்படாம வா," என்கிறான். அவள் கையிலிருக்கும் அட்டையில் இன்னும் பத்து நாளைக்கு மாத்திரை இருக்கிறது.