ஓலை வாசித்த ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. ராயபுரம் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, "ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம்" என்று பாதிரியார் முடிப்பதற்குள், கல்யாணப் பெண்ணே எழுந்து ஓடிவிட்டாள்.

ஜெரிக்கு மூக்குக்கு மேல் கோபம். பைக்கை முறுக்கி, திருவொற்றியூரில் மாப்பிள்ளை யேசுதாஸ் வீட்டு வாசலில் நிறுத்தினான்.

"கல்யாணப் பொண்ணு எங்க?"

"உள்ளதான் அழுதுகினு கீது. கத்தாத ஜெரி."

"கத்தாம? ஃபாதராண்ட கெஞ்சி ஓலைக்குப் பேரு குடுத்தவன் நானு. மானமே போச்சு!"

"ஊரு சிரிக்கும்னு பயம். கல்யாணமே வேணாம்னுது."

"ரெண்டு வருசமா மாதவரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு ரெண்டு பேரும் டீ குடிச்சீங்களே, அப்ப எங்க போச்சு அந்த பயம்?"

ஜெரி கதவை ஓங்கித் தட்டினான்.

"வெளிய வரியா, கதவ ஒடைக்கட்டா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள் ஜெரியின் அம்மா லூர்து மேரி.

"பேரன் எடுக்கிற வயசுல அம்மாவுக்குக் கல்யாணம். உனுக்கு அசிங்கமா இல்லியாடா?"

"நைனா செத்து இருவது வருசம் நீ தனியா கெடந்ததுதான் அசிங்கம். உங்கைய புடிச்சி பீடம் வரிக்கும் கூட்டினு போவ கோட்டு தச்சி வச்சிகீறேன். ஏறு வண்டில!"