பித்தளையா, இரும்பா?

"பித்தளையா, இரும்பா?" என்று கேட்டாள் நோரீன்.

துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேஜைமேல் இரண்டு ரிவால்வர்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மாதிரியில் புதிதாகச் செய்தவை. கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இறுக்கி, ஒவ்வொரு அறையாக நிரப்பித்தான் சுட வேண்டும்.

"ஏதோ ஒண்ணு குடுங்க. நான் இதுக்குப் புதுசு" என்றார் வாரன். ஆள் ஊருக்கும் புதிது. ஆற்றோர வீட்டுக்குத் தனியாகக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

துப்பாக்கிப் பேச்சென்றால் நோரீனுக்கு வெல்லம். "பித்தளை உடம்பு பளபளன்னு இருக்கும். நாளாக ஆக ஆட்டம் கண்டுடும். இரும்பு பார்க்க அழுதுவடியும். ஆனா உங்க பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்."

"உழைக்கணும்னு ஒண்ணும் இல்லைங்க. பித்தளையே போதும்."

வேட்டை சீசன் முடிந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் டெல்பர்ட்டுக்கு வாயெல்லாம் பல். கடையை இழுத்து மூடிவிடலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

"சுட்ட அன்னிக்கே வெந்நீர்ல சோப்புப் போட்டுக் கழுவிடணும் சார். இல்லேன்னா துரு தின்னுடும். கழுவுற பிரஷ் ஒண்ணு சேர்த்துப் போடட்டுமா?" என்றார் டெல்பர்ட்.

"அதெல்லாம் வேண்டாம்."

நோரீன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு ரிவால்வரையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க. புதுசா வர்றவங்களுக்கு உடனே விக்கறதில்லை. சனிக்கிழமை கடைக்குப் பின்னாடி எங்க ஆளுங்க பலகையைக் குறிவச்சுச் சுடுவாங்க. நீங்களும் வந்து சுட்டுப் பாருங்க. கடைச் சட்டம்."

"எந்தக் கடைச் சட்..." என்று ஆரம்பித்த டெல்பர்ட்டின் காலை நறுக்கென்று மிதித்தாள்.

வாரன் வெளியே போனார்.

"மூளை குழம்பிப்போச்சா உனக்கு? இந்த வாரம் வந்ததே ஒரே ஒரு ஆளு!" வலிய வந்த சீதேவியை எட்டி உதைத்துவிட்டாளே என்று டெல்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது.

நோரீன் காதில் வாங்காமல் உள்ளறைக்குப் போய்ப் போனை எடுத்தாள். வாரனின் பக்கத்து வீட்டுக்காரன் கஸ்ஸிடம் அவள் தணிந்த குரலில் ஏதோ சொல்ல, கடைசியில் சொன்னதுதான் டெல்பர்ட் காதில் விழுந்தது.

"இன்னிக்கே சாப்பிடக் கூட்டிக்கிட்டுப் போ. நாளைக்கும் விட்டுடாதே. சனிக்கிழமை நீயே கூட்டிட்டு வந்துடு."

"ஓஹோ! சரக்குக் கிடையாது, சாப்பாடு மட்டும் உண்டா? பலே வியாபாரம்!"

நோரீன் வெளியே வந்து அலமாரிப் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை அவள் சமைத்த பீன்ஸ் கறி ஆறிக்கொண்டிருந்தது. அவள் கண் ரோட்டிலேயே இருந்தது. கஸ்ஸின் வண்டி வந்து நின்று, வாரன் இறங்கிய பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டாள்.

முதல் குண்டுக்கே புகை மண்டி வாரன் இருமித் தள்ளினார்.

"யோவ் வாரன், பலகை இங்கே இருக்கு. நீ பக்கத்து ஊரைச் சுடறியே!" என்றான் கஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். மூஞ்சியெல்லாம் கரியோடு வாரனும் சிரித்தார்.

சாயங்காலம், தான் சுட்ட இரும்பு ரிவால்வரோடு கடைக்குள் வந்தார்.

"எனக்கு இரும்புதான் சரி மேடம். வாங்கறதுக்கு அவசரம் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் வர்றேன்." போகப் போனவர் நின்றார். "ஆமா, இதை எப்படிக் கழுவணும்? அன்னிக்கு நான் சரியாக் கேட்டுக்கலை."

"பின்பக்கம் தொட்டி இருக்கு. போங்க, இதோ வர்றேன்" என்ற நோரீன், அவர் தலை மறைந்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நல்லாயிருக்கு! இன்னிக்கும் விக்கலை. இதுல அழுகை வேறயா?" என்றார் டெல்பர்ட்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே நோரீன் சிரித்தாள்.

"அன்னிக்கு நீ பிரஷ் வேணுமான்னு கேட்டே. வேண்டாம்னுட்டார். ரெண்டாவது தடவை சுடப்போறவன் அப்படிச் சொல்லுவானா, டெல்பர்ட்?"

டெல்பர்ட் போய் அடுப்பில் வெந்நீர் வைத்தார்.