பின்பக்கத்து மூன்று எண்

"மேடம், பேங்க்ல இருந்து சரவணக்குமார் பேசுறேன். உங்க கார்டை இன்னைக்குப் புதுப்பிக்கணும்."

அது என் பெயரல்ல. பேசிய போனும் என்னுடையதல்ல. அச்சகத்தில் மெஷின் சத்தம் எட்டாத மூலையாகப் பார்த்து, காலண்டர் கட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மறுமுனையில் இருந்த சபுராவின் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதை வைத்து ஆன்லைனில் புதுப் போன் ஒன்று எடுத்துவிடத் துடித்தேன். ஓடிபிக்கு வழி இருந்தது. கார்டின் பின்பக்கத்து மூன்று எண்தான் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. அது இல்லாமல் கடை பணத்தை ஏற்கவில்லை.

"கார்டுக்குப் பின்னால மூணு நம்பர் இருக்கும். அதைச் சொல்லுங்க மேடம்."

"அத நான் சுரண்டிட்டேனே சார். மனசுலதான் இருக்கு."

"மனசுல இருக்கறதச் சொன்னாப் போதும்."

"ஆருட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்க வீட்ல சொல்லிருக்காக. பேங்க்னு கேட்டா சொல்லவே கூடாதாம். அவுகளே கேட்டாலும் சொல்லக் கூடாதாம்." சிரித்தாள்.

எனக்கு இருமல் வந்துவிட்டது.

"தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க சார்."

குரலைக் கடுமையாக்கிக்கொண்டேன். "சொல்லலேன்னா கார்டு பிளாக் ஆயிரும். உள்ள இருக்கற பணத்துக்கு நாங்க பொறுப்பில்ல."



"அது சீசன் பூரா வெடிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுன காசு சார். ரெண்டு மாசமா எனக்கு நெஞ்சு வலிக்கி. மதுரைக்குப் போய்க் காட்டணும். வீட்ல இன்னும் சொல்லல. அவுகளுக்கு இப்ப வேல மும்முரம். பயந்துருவாக."

போனை வைத்துவிட நினைத்தேன், முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த கார்டு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

சபுரா மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடம் ஆகிறது. அன்று போனை வைக்கும் முன் அவள் சொன்னது மட்டும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

"என்னங்க, சோறு திங்க வரும்போது அந்தக் கார்டையும் கொண்டாந்துருங்க."