சங்கக் கூட்டம் நாலு மணிக்கு

"என் கையெழுத்து மட்டும் கிடைக்காது மாப்பிள்ளை! ஊர்ப் பணத்துல ஸ்டேடியமா?"

விரித்த வரைபடத்தை இரண்டு கையிலும் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார் என்ஜினியர். தெருவுக்குப் பின்னால் இருக்கும் பழைய மைதானத்தை இடித்துவிட்டுப் புது ஸ்டேடியம் கட்ட மாநகராட்சிக்கு ஆசை. சுற்றியிருக்கும் குடியிருப்போர் சங்கங்கள் எல்லாம் சம்மதித்துவிட்டன. இந்தத் தெருச் சங்கம்தான் பாக்கி. நாளைக் காலைக்குள் இந்தக் கையெழுத்து வராவிட்டால், அவர் இரண்டு வருடம் கண்விழித்துப் போட்ட திட்டம் குப்பைக்குப் போய்விடும்.

சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, என்ஜினியர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். "நம்ம மச்சான்தான் சார், நான் பார்த்துக்கறேன்" என்று மேலதிகாரியிடம் மார்தட்டிவிட்டு, வேலை வேலை என்று இதுவரை எட்டிப் பார்க்காத இந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு இன்று முதல் தடவையாக வந்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில ஒரு கட்டில்ல ரெண்டு பேர் படுத்திருக்காங்க. நூலகத்துல குடை பிடிச்சுக்கிட்டுப் படிக்கிறாங்க. இந்த லட்சணத்துல பந்து உதைக்க மாளிகை கேக்குதா?" என்றார் தலைவர்.

"வெளியூர் ஆளுங்க வருவாங்க மச்சான். கடைகண்ணிக்கு வியாபாரம் ஆகும். நம்ம பசங்களும் நல்லா விளையாடுவாங்க."

"இப்ப மட்டும் என்ன? போன வாரம் அந்த ஒல்லிப் பையன் கார்னர்லேருந்து உதைச்சான் பாருங்க..." தலைவர் சட்டென்று நிறுத்தி இருமினார். "பேப்பர்ல போட்டிருந்தான்."

"உங்களுக்குக் கால்பந்தே பிடிக்காதோன்னு நினைச்சேன்."

"பிடிக்குதோ இல்லையோ, இத்தனை வருஷத்துல ஒரு டிக்கெட் வாங்கினதில்ல மாப்பிள்ளை. எனக்குன்னு இதுல ஒரு சுயநலமும் கிடையாது. அதான் சொல்ல வர்றேன்."

என்ஜினியருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷன். வீட்டில் சாமான் போடத்தான் தெரியவில்லை. டிவி மூலையில் தூசி படிந்து கிடந்தது. சோபா, நாற்காலி, முக்காலி எல்லாம் எதிர்ப்பக்கம் கனமான திரை போட்டிருந்த ஜன்னலைப் பார்த்து வரிசைகட்டி நின்றன.

தலைவரின் மனைவி தேநீரோடு வந்தார். "குடிங்க தம்பி. ஏங்க, மணி நாலாகப் போகுது. திரையை விலக்கட்டுமா?"

"வேணாம் வேணாம், வெயில் அடிக்கும்!"

என்ஜினியர் மழையில் நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். மூத்தவர் சொல்கிறார், எதற்கு வம்பு என்று தேநீரைக் குடித்தார்.

"சங்கக் கூட்டம் நாலு மணிக்கு. நீங்க இப்பவே கிளம்பினா பஸ் கிடைக்கும் மாப்பிள்ளை."

"ஞாயித்துக்கிழமையுமா கூட்டம்?"

"வாரா வாரம் உண்டு தம்பி," என்றார் தலைவரின் மனைவி. "சில வாரம் ரெண்டு தடவைகூட. ஒருத்தர் லீவு போடறதில்ல."

"அப்ப நானும் இருந்து எல்லார்கிட்டயும் பேசிட்டே போறேன்!"

தலைவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

கூட்டத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தையல்காரர் கையில் தலையணை, பல் டாக்டர் கையில் வறுத்த கடலைப் பொட்டலம். கீழ்வீட்டு டீச்சர் கழுத்தில் ஒரு துண்டு. புது ஆளைக் கண்டதும் மூவரும் வாசலிலேயே திருதிருவென்று விழித்தார்கள். பிறகு வரிசையாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். என்ஜினியர் திரைக்கு முன்னால் நின்று வரைபடத்தை உயர்த்திப் பிடித்தார்.

"இது உங்க தெருப் பக்கம் வர்ற கேலரி..."

"எவ்வளவு உயரம்?" என்றார் டீச்சர்.

"அஞ்சு மாடி இருக்கும்."

"ஐயையோ!" என்று நாலு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"செலவை நினைச்சு சொல்றோம்," என்று டாக்டர் அவசரமாகச் சமாளித்தார்.

என்ஜினியர் விடவில்லை. வடிகால், வாகனம் நிறுத்துமிடம், இருபது வருடத்தில் போட்ட பணம் திரும்பும் விதம் என்று விளக்கிக்கொண்டே போனார். யார் காதிலும் ஏறவில்லை. டாக்டர் நகத்தைக் கடித்தார். தையல்காரர் கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டித் திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே கால் மட்டும் ஆடியது.

அப்போது வெளியே ஆயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இனிமே என்னால முடியாது தலைவரே!" தையல்காரர் பாய்ந்து போய்த் திரையை ஒரே இழுப்பில் விலக்கினார்.

கீழே பழைய மைதானம் மொத்தமும் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது. கோல் போட்ட ஒல்லிப் பையனை மற்றவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"இவர் பேசிப் பேசியே ஒரு கோல் போச்சு!" என்று டீச்சர் அழாத குறையாகச் சொன்னார்.

என்ஜினியர் ஜன்னலைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மச்சான் அவரைப் பார்க்கவில்லை. என்ஜினியர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தெருப் பக்கத்துக் கேலரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"மச்சான், இந்தப் பக்கம் மட்டும் கேலரியே வேணாம், திறந்தே கிடக்கட்டும்னு விட்டுட்டா?"

மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே தலைவர் கையை நீட்டினார். "பேனாவைக் குடுங்க மாப்பிள்ளை. ஊருக்கு ஒரு நல்லது நடக்கும்போது செலவைப் பார்த்தா ஆகுமா?"